தலை தொங்கிய ஐந்து பூக்கள்

பெட்டி பூட்டியபடிதான் இருந்தது. பூட்டில் ஒரு கீறல் இல்லை. சாவியைப் போட்டுத் திறந்தால் உள்ளே சிவப்பு வெல்வெட் மட்டும் இருந்தது. நெக்லஸைக் காணோம்.

காலை ஒன்பதரை மணி. பதினொன்றுக்குப் பதிவாளர் வந்து, மண்டபத்திலேயே கையெழுத்து வாங்கிக் கல்யாணத்தை முடித்து வைப்பதாக ஏற்பாடு. அதற்கு முன்னால் மாப்பிள்ளையின் அம்மா தன் பரம்பரை நெக்லஸை எல்லார் முன்னிலையிலும் மருமகள் கழுத்தில் போடப் போவதாகச் சொல்லியிருந்தார். ஒருமுறை சொல்லிவிட்டுச் சும்மா இருந்தாரா என்றால் அதுவும் இல்லை. பார்க்கிறவர்களிடமெல்லாம் மாதக்கணக்கில் சொல்லியிருந்தார். அந்த அம்மா இப்போது காலிப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு போட்ட சத்தத்தில், சமையல்கட்டிலிருந்து ஆட்கள் கரண்டியும் கையுமாக ஓடி வந்தார்கள்.

பெண்ணின் அத்தை அப்போது கைகழுவும் இடத்தில் ஒற்றைக் காலில் நின்று, குதிகாலில் பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டிருந்தார். புதுச் செருப்பு கடித்திருந்தது. அவர் போலீஸ் இன்ஸ்பெக்டர். கெஞ்சிக் கூத்தாடி வாங்கிய லீவு. தம்பி மகள் கல்யாணத்திலாவது யாரையும் சந்தேகப்படாமல் ஒரு நாள் இருக்கலாம் என்று வந்திருந்தார். அந்த ஆசையில் மண் விழுந்தது.

அவர் கூடத்துக்கு வருவதற்குள்ளேயே தீர்ப்பு ஆகிவிட்டிருந்தது. பெட்டி வைத்திருந்த பக்கத்து அறையில்தான் பூ வாளிகளும் இருந்தன. பூ அலங்காரம் செய்கிற அம்மாவும் அவர் கணவரும் காலையிலிருந்து அந்த அறைக்குள் போய் வந்தபடி இருந்தார்கள். வேறு என்ன வேண்டும்? மாப்பிள்ளையின் அம்மா அந்த அலங்காரக்கார அம்மாவின் தோள்பையைப் பிடுங்கித் தரையில் கொட்டிவிட்டார். கத்தரி, கம்பிச் சுருள், டேப், மாத்திரை அட்டை, பாதி தின்ற பன். விருந்தாளிகள் சுற்றி நின்று பார்த்தார்கள். இரண்டு பேர் போனில் படம் பிடித்தார்கள். நெக்லஸ் இல்லை என்றதும் யாராவது வாயை மூடினார்களா என்றால், அதுவும் இல்லை.

“உள்ள எங்கயோ ஒளிச்சு வெச்சிருக்கா. போலீஸைக் கூப்பிடுங்க,” என்றார் மாப்பிள்ளையின் அம்மா.

“நான்தாம்மா போலீஸ்,” என்றார் அத்தை.

“நீங்க பொண்ணு வீட்டு ஆளு. வேற போலீஸ் வேணும்.”

அலங்காரக்காரர் அழவில்லை. கோபத்தில் அவர் மூக்கு நுனி சிவந்திருந்தது. “மேடம், யாரை வேணா கூப்பிடுங்க. ஆனா அந்த டாக்டரம்மா நிக்கறாங்க பாருங்க, அடுத்த வாரம் அவங்க பொண்ணு கல்யாணம். என் வேலையிலயே பெரிய வேலை அதுதான். இப்ப என் முகத்தையே பார்க்க மாட்டேங்கறாங்க. திருடிங்கற பேரோட நான் இந்த வாசலைத் தாண்டினா, அப்புறம் எந்த மண்டபத்துலயும் என்னைக் கூப்பிட மாட்டாங்க. கடையை இழுத்து மூட வேண்டியதுதான்.”

டாக்டரம்மா உண்மையிலேயே சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“பதிவாளர் வர்ற வரைக்கும் எனக்கு டைம் குடுங்க,” என்றார் அத்தை. “யாரும் வெளியே போகக் கூடாது. வாசலைச் சாத்துங்க.”

சாத்தினார்கள். அதோடு அந்த நாளில் அவர் சொன்னபடி நடந்த காரியங்கள் முடிந்தன.

முதலில் பூட்டு. மாப்பிள்ளையின் அம்மாவிடம் சாவிக்கொத்தை வாங்கினார். வீட்டுச் சாவி, பீரோ சாவி, அவர்கள் வீட்டுப் பழைய காரின் நீளச் சாவி, பெட்டியின் குட்டிச் சாவி, எல்லாம் ஒரே வளையத்தில். பெட்டியைப் பூட்டித் திறந்து பார்த்தார். சரியாக வேலை செய்தது. விரலில் ஏதோ பிசுபிசுவென்று ஒட்டியது. கைக்குட்டையில் துடைத்தார். லேசான பச்சை அழுக்கு. இந்த வீட்டில் சாவியைக்கூடத் துடைக்க மாட்டார்கள் போலிருக்கிறது என்று மனசுக்குள் திட்டிவிட்டுக் கொத்தைத் திருப்பிக் கொடுத்தார்.

“நெக்லஸைக் கடைசியா எப்போ பார்த்தீங்க?”

“ஏழு மணிக்கு. இங்க வந்து இறங்கினதும் பார்த்துட்டுத்தான் பூட்டினேன்.”

“சாவி?”

“என் கையிலதான்.”

“யார்கிட்டயும் குடுக்கலையா?”

“வெளியாள் யார்கிட்டயும் நான் சாவி குடுக்கறவளே இல்ல.”

“வேற சாவி இருக்கா?”

“இல்ல. எங்க மாமியார் காலத்துலயே ஒரே சாவிதான்.” சொல்லும்போதே அவருக்குக் கண் கலங்கிவிட்டது. “முப்பது வருஷம் என் கழுத்துல கிடந்த நகை. குடுக்கப் போறோமேன்னு நெனச்சா மனசு கேக்கல. ஊரெல்லாம் சொல்லிட்டேன், என்ன பண்றது. கடைசியில யாருக்குமே இல்லாம போச்சு.”

அத்தைக்குப் பாவமாக இருந்தது. அந்த நிமிஷத்துக்கு மட்டும். அடுத்த நிமிஷமே அந்த அம்மா, “அவ புருஷன் முழியே சரியில்ல,” என்றார்.

முழி சரியில்லாத அந்த மனிதர் வாளிகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தார்.

“எத்தனை மணிக்கு வந்தீங்க?”

“ஏழேகால் இருக்கும். தரையில வைக்கற பூ வேலை எல்லாம் நேத்து சாயங்காலமே முடிச்சிட்டோம். இன்னிக்கு வாசல் வளைவு மட்டும்தான்.”

“நேரா உள்ள வந்தீங்களா?”

“வண்டியைக் கிட்ட கொண்டுவர முடியல. பக்கத்துக் கதவை மறிச்சு ஒரு கார் நின்னுச்சு. மாப்பிள்ளைதான் வந்து நகர்த்திக் குடுத்தாரு. அப்புறம் வாளியை இறக்கினோம்.”

“அந்த ரூம்ல பெட்டி இருந்ததைப் பார்த்தீங்களா?”

“பார்த்தேன். அது மேல ஈரம் படக் கூடாதுன்னு தள்ளி வெச்சேன்.”

“தொட்டீங்களா?”

“தொடாம எப்படிங்க தள்ளறது?”

இப்படிப் பதில் சொல்கிறவர்களைக் காப்பாற்றுவது எவ்வளவு கஷ்டம் என்று அத்தைக்குத்தான் தெரியும்.

அடுத்தது போட்டோகிராபர். அவர் ஏழு மணிக்கே வந்தவர். “ஏழரை வாக்குல லைட் சரியா விழுதான்னு ஒரு ட்ரயல் பார்த்தேன் மேடம். மாப்பிள்ளை வந்து அவரோட நாற்காலியில உக்காந்தாரு. நான் வயர் எடுக்க வண்டிக்குப் போனேன். திரும்பி வந்து ரெண்டு படம் எடுத்தேன். கூடத்துல வேற யாரும் இல்ல.”

“பக்கத்து ரூமுக்கு யாராவது போனாங்களா?”

“நான் வயர் தேடறதைப் பார்ப்பேனா, ரூமைப் பார்ப்பேனா?”

மாப்பிள்ளை நல்ல மாதிரி. கேட்டதற்கெல்லாம் மரியாதையாகப் பதில் சொன்னான். “நான் எதையும் கவனிக்கலைங்க அத்தை. பாவம் அந்தம்மா. கேஸ் எல்லாம் வேண்டாம்னு அம்மாகிட்ட சொல்லிப் பார்த்தேன், கேக்க மாட்டேங்கறாங்க. நகை எங்கயாவது இருக்கும். கல்யாணம் முடியட்டும், நிதானமா தேடிக்கலாம்.”

நல்ல பிள்ளை என்று அத்தை நினைத்துக்கொண்டார்.

பிறகு தேடினார்கள். வாளிகளைக் கவிழ்த்தார்கள். வண்டியின் பாயைப் பிரித்தார்கள். தண்ணீர்த் தொட்டிக்குள் பெண்ணின் அப்பாவே கைவிட்டுத் துழாவி, சட்டையைத் தோள்வரை நனைத்துக்கொண்டு வந்து, “அக்கா, ஒண்ணும் இல்லக்கா,” என்றார். குப்பைக் கூடையைக் கொட்டினால் குப்பைதான் இருந்தது. பத்தரை மணிக்கே பதிவாளர் வந்துவிட்டார். சீக்கிரம் வரச் சொன்னால் வராத உத்தியோகஸ்தர்கள் இந்த மாதிரி நாளில் மட்டும் முன்னாலேயே வந்து நிற்பார்கள். “பன்னண்டு மணிக்கு இன்னொரு இடம் இருக்கு,” என்று சொல்லிவிட்டுக் கையெழுத்து மேஜையில் உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்தார்.

அதே நேரத்தில் டாக்டரம்மா அலங்காரக்காரரிடம் வந்து, குரலைத் தாழ்த்தி, “தப்பா எடுத்துக்காதீங்க. அடுத்த வாரத்துக்கு நாங்க வேற ஆளைப் பார்த்துக்கறோம். சம்பந்தி வீட்டுக்கும் சொல்லிட்டேன்,” என்றார்.

அலங்காரக்காரரின் கணவர் எழுந்து, “நாங்க எடுக்கலைங்க,” என்றார். டாக்டரம்மா அதைக் கேட்க நிற்கவில்லை.

இருபது வருஷ உத்தியோகத்தில் அத்தை கதவை உடைத்த திருடனைப் பிடித்திருக்கிறார், கூரையைப் பிரித்தவனைப் பிடித்திருக்கிறார். சாத்திய மண்டபத்துக்குள் ஒரு நெக்லஸைப் பிடிக்க முடியவில்லை. கால் வேறு வலித்தது. ஒரு வாய் காப்பி கொடுக்கக்கூட யாருக்கும் தோன்றவில்லை. கண்ணில் பட்ட முதல் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார். அது மாப்பிள்ளையின் நாற்காலி.

பெண்ணும் மாப்பிள்ளையும் உட்காரும் இரண்டு நாற்காலிகளைச் சுற்றி அரைவட்டமாகப் பூத்தட்டுகள் இருந்தன. உயரமாக எதுவும் வேண்டாம், நடக்கிற வழியிலும் உட்காருகிற இடத்திலும் எல்லாம் தரையோடு தரையாகப் பூத்திருக்கிற மாதிரி இருக்க வேண்டும் என்று பெண் ஆசைப்பட்டுக் கேட்டிருந்தாள். தண்ணீரில் ஊறவைத்த பச்சை ஸ்பாஞ்ச் கட்டிகளைத் தட்டில் வைத்து, ரோஜாவும் ஜெர்பராவும் இலையுமாகக் குத்திய அலங்காரம். வாசலிலிருந்து பார்க்கிறவர்களுக்கு அழகாக இருந்தது.

அத்தை குனிந்து செருப்பைக் கழற்றினார். நிமிரும்போது வலது காலடியில் இருந்த தட்டு கண்ணில் பட்டது. அதன் முன்பக்கம், அதாவது விருந்தாளிகள் பார்க்கிற பக்கம், பூவெல்லாம் நிமிர்ந்து நின்றது. பின்பக்கம், நாற்காலியைப் பார்த்த பக்கத்தில், ஐந்து ஜெர்பராக்கள் மட்டும் கழுத்தொடிந்து தலை தொங்கியிருந்தன. மற்ற தட்டுகளைப் பார்த்தார். எதிலும் ஒரு பூ வாடவில்லை.

“இந்தாம்மா, இங்க அஞ்சு பூ வாடிப்போச்சு பாருங்க,” என்று அலங்காரக்காரரைக் கூப்பிட்டார்.

“என் தலையெழுத்தே வாடிப்போச்சு, பூ வாடினா என்ன,” என்றார் அவர். ஆனாலும் கால்கள் கேட்கவில்லை, பக்கத்தில் வந்துவிட்டார். “நேத்துக் குத்தின பூ. அதுக்குள்ள வாடாதே. தட்டையே மாத்திடறேன், வண்டியில ஒண்ணு இருக்கு.”

“வேண்டாங்க,” என்றான் மாப்பிள்ளை. அவன் எப்போது அங்கே வந்தான் என்று தெரியவில்லை. “முன்பக்கம் நல்லாத்தானே இருக்கு. பின்னாடி யாருக்குத் தெரியப் போகுது? இருக்கட்டும், விடுங்க.”

அலங்காரக்காரர் அவனை ஏற இறங்கப் பார்த்தார். “நேத்து ஒரு தட்டு விரல்கடை தள்ளி இருக்குன்னு மொத்த வரிசையையும் மறுபடி வைக்கச் சொன்னது நீங்கதானே தம்பி?”

“அது நேத்து,” என்றான் அவன்.

அத்தை கழற்றிய செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார். காலை எட்டரைக்கு அவர் மண்டபத்துக்குள் நுழைந்தபோது, நடைபாதை ஓரத்தில் அலங்காரக்காரர் தன் கணவரைக் காய்ச்சிக்கொண்டிருந்தது நினைவுக்கு வந்தது. சாய்ந்திருந்த ஒரு பூவைக் கணவர் பிடுங்கி, நேராக்கி, அதே ஓட்டையில் திருப்பிச் செருகியிருந்தார். “எத்தனை தடவை சொல்றது உங்களுக்கு? புடுங்கின ஓட்டையில திருப்பிக் குத்தாதீங்க, புது ஓட்டை போடுங்கன்னு. மரமண்டை.” புருஷன் பெண்டாட்டி சண்டை என்று அத்தை அப்போது ஒதுங்கிப் போய்விட்டார்.

“ஏம்மா, புடுங்கின ஓட்டையிலயே பூவைத் திருப்பிக் குத்தினா என்ன ஆகும்?”

“ஓட்டை பெருசாயிடும் மேடம். காம்பு ஈரத்தைத் தொடாது, நடுவுல காத்து நின்னுடும். தண்ணி ஏறாது. ஜெர்பரான்னா ரெண்டு மூணு மணி நேரத்துல தலையைத் தொங்கப் போட்டுடும். எங்க தொழில்ல யாரும் அப்படிக் குத்த மாட்டாங்க, எங்க வீட்டுக்காரரைத் தவிர.”

“அவரு இந்தத் தட்டைத் தொட்டாரா?”

“வாசல் வளைவை விட்டு அவரை நான் நகரவே விடலையே. ஒரே ஒரு தடவை நகர்ந்தாரு, திட்டினேன். அந்தப் பூவையும் நானே புதுசா குத்திட்டேன்.”

அத்தை கைக்குட்டையை எடுத்துப் பார்த்தார். பச்சை அழுக்கு இன்னும் இருந்தது. தட்டின் ஓரத்தில் ஸ்பாஞ்சை விரலால் தேய்த்து, அதையும் கைக்குட்டையில் துடைத்தார். இரண்டு கறையும் ஒன்றுதான். அவருக்கு வந்த முதல் உணர்ச்சி சந்தோஷம் அல்ல. தன் மேலேயே வந்த எரிச்சல். ஒரு மணி நேரமாகத் திருட்டின் தடயத்தைப் பையில் வைத்துக்கொண்டு குப்பைக் கூடையைக் கிளறியிருக்கிறார்.

“எல்லாரும் இங்க வாங்க,” என்றார்.

வந்தார்கள். நடந்ததையெல்லாம் தன் அறைவாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த பெண்ணும் வந்து அப்பாவின் பக்கத்தில் நின்றாள்.

“நகை மண்டபத்தை விட்டுப் போகல. இந்தத் தட்டுலதான் இருக்கு. யாரோ அஞ்சு பூவைப் புடுங்கி, ஸ்பாஞ்சைக் குடைஞ்சு, நகையை உள்ள வெச்சு, அதே ஓட்டையில பூவைச் செருகியிருக்காங்க. பூ வேலை தெரிஞ்சவங்க அப்படிச் செருக மாட்டாங்க. அதனால இந்த அம்மா இல்ல.”

“அவ புருஷன்?” என்றார் மாப்பிள்ளையின் அம்மா, விடுவதாக இல்லை.

“அவருக்கு இந்த நாற்காலியில உக்கார என்ன வேலை? பூ தொங்கறது நாற்காலிப் பக்கம். இங்க உக்காந்து, குனிஞ்சு செஞ்ச வேலை இது. காலையில இதுல உக்காந்தது ஒரே ஒருத்தர். போட்டோகிராபர் வயர் எடுக்கப் போனப்ப தனியா இருந்ததும் அவர்தான். அம்மா, சாவி யார்கிட்டயும் குடுக்கலன்னு சொன்னீங்களே. காரை யார் நகர்த்தினா?”

“என் பையன்.”

“கார் சாவி எந்தக் கொத்துல இருக்கு?”

மாப்பிள்ளையின் அம்மா கையில் இருந்த கொத்தைப் பார்த்தார். “அவன்கிட்ட குடுத்தா வெளியாள்கிட்ட குடுத்த மாதிரியா?” என்றார். குரல் பாதியிலேயே இறங்கிவிட்டது.

“அந்தக் கார் சாவியோட பல்லைப் பாருங்க. பச்சையா ஒட்டியிருக்கும். ஸ்பாஞ்சைக் குடைஞ்சது அதாலதான். நானும் அதைக் கையில வாங்கினேன், அழுக்குன்னு துடைச்சுட்டு விட்டுட்டேன். என் தப்பு. மாப்பிள்ளை, நீங்க ஒளிச்சதை நீங்களே எடுங்க.”

மாப்பிள்ளை மண்டியிட்டு, தொங்கிய பூக்களைப் பிடுங்கி, இரண்டு விரலை விட்டு நெக்லஸை இழுத்தான். கல் இடுக்கெல்லாம் பச்சைப் பொடி அப்பியிருந்தது.

“அம்மா தினம் அழுதாங்க,” என்றான், யார் முகத்தையும் பார்க்காமல். “சொல்லிட்டோமே, குடுத்துத்தானே ஆகணும்னு அழுதாங்க. காணாமப் போச்சுன்னா குடுக்க வேண்டியதில்ல. எல்லாம் முடிஞ்சதும் எடுத்து அவங்க பீரோவுலயே வெச்சிடலாம்னு இருந்தேன். யார் மேலயும் பழி விழும்னு நான் நெனைக்கல.”

“நான் கேட்டேனாடா உன்னை?” என்றார் அவன் அம்மா. இந்த முறை சத்தமே வரவில்லை.

கூட்டம் பெருமூச்சு விட்டது. பெரியவர் ஒருவர், “சரி சரி, அம்மா மேல பாசம். வீட்டுப் பொருள் வீட்டுக்குள்ளதானே இருந்துச்சு. ஆக வேண்டியதைப் பாருங்க,” என்றார். பதிவாளர் பேனாவைத் திறந்தார். எல்லாருக்கும் திருப்தி. ஒருத்தரும் தரையில் கிடந்த கத்தரியையோ பன்னையோ பார்க்கவில்லை.

பெண் மட்டும் நகரவில்லை. “டாக்டரம்மா எங்க?” என்று கேட்டாள்.

“கோச்சுக்கிட்டு மேல ரூமுக்குப் போயிட்டாங்க,” என்றார் போட்டோகிராபர்.

பெண் மாப்பிள்ளையிடம் திரும்பினாள். “அவங்க இந்த அம்மாவோட வேலையை நிறுத்திட்டாங்க. சம்பந்தி வீடு வரைக்கும் சொல்லியாச்சு. போன் பண்ணி நான்தான் எடுத்தேன்னு சொல்லுங்க. ஸ்பீக்கர்ல போடுங்க. இந்த அம்மா பையைக் கொட்டினப்ப பார்த்தவங்க எல்லாரும் கேக்கட்டும்.”

மாப்பிள்ளை போனை எடுத்தான். எண்ணைத் தேடினான். சுற்றி நின்றவர்களைப் பார்த்தான். அவன் காது மடல் சிவந்தது.

“ரூமுக்குள்ள போய்ப் பேசிட்டு வந்துடட்டுமா?” என்றான்.

பெண் அவனையே பார்த்தாள்.

“நகையை எடுத்தது கூடப் போகட்டும்,” என்றாள். “அவங்களைத் திருடின்னு சொன்னப்ப நீங்க பக்கத்துல நின்னுட்டு இருந்தீங்க. ஒரு மணி நேரம். வாயைத் திறக்கல. நாளைக்கு உங்க வீட்ல யாராவது என் மேல ஒரு பழியைப் போட்டா, அப்பவும் நீங்க ரூமுக்குள்ள போய்த்தான் பேசுவீங்க.”

“இதையும் அதையும் ஏன் முடிச்சுப் போடறே?” என்றான் அவன்.

அவள் பதிவாளரிடம் போனாள். “சார், உங்களுக்கு இன்னொரு இடம் இருக்குன்னு சொன்னீங்க. கிளம்புங்க. இங்க இன்னிக்குக் கல்யாணம் இல்ல.”

“அக்கா, நீயாவது சொல்லுக்கா,” என்று பெண்ணின் அப்பா அத்தையின் கையைப் பிடித்தார். அத்தை என்ன சொல்ல முடியும்? குற்றவாளியைக் கண்டுபிடித்துக் கொடுத்தது அவர்தான். “அவளை விடுடா,” என்றார்.

பெண் மாப்பிள்ளையின் கையிலிருந்து போனை வாங்கினாள். டாக்டரம்மாவை அழைத்து, ஸ்பீக்கரில் போட்டு, அலங்காரக்காரரின் பக்கத்தில் போய் நின்றுகொண்டாள்.

“ஆன்ட்டி, நான் கல்யாணப் பொண்ணு பேசறேன். நெக்லஸ் கெடைச்சிடுச்சு. எடுத்தது மாப்பிள்ளை. பூக்கார அம்மா இல்ல. நீங்க கீழ வந்து அவங்ககிட்ட பேசணும். உங்க சம்பந்தி வீட்டுக்கும் சொல்லணும். நான் இங்கயே நிக்கறேன், வாங்க.”